கருவி மட்டும் போதாது

கட்டுவிரியன் கடித்தால் அதன் நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கிவிடும். கொல்லிமலையின் சோளக்காட்டில் கடிபட்டவர் காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போய்ச் சேர்ந்தால், தசைகள் மீளும்வரை பல நாள் அவருக்காக மூச்சு விடுவது வென்டிலேட்டர்தான். அப்படித் தப்பியவர், மருத்துவமனையிலேயே தொற்றிய நிமோனியாவால் இறந்தால், அதை விதி என்று எழுதி மூடுவதை நாம் ஏற்க முடியாது.

வென்டிலேட்டருக்காகத் தொண்டைக்குழாய் போட்டவரால் இருமித் துப்ப முடியாது. வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலில் இறங்குகின்றன. குழாய் பொருத்தி 48 மணி நேரத்துக்குப் பின் தோன்றும் இந்தத் தொற்றைப் பெருமளவு தடுக்கலாம். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். பல் துலக்கிவிட வேண்டும். நோயாளியைத் தொடும் ஒவ்வொரு முறையும் கைகழுவ வேண்டும். மயக்க மருந்தைத் தினமும் குறைத்து, தானே மூச்சு விடுகிறாரா என்று பார்க்க வேண்டும். இவை எதற்கும் விலையுயர்ந்த சாதனம் வேண்டாம். செவிலியரின் நேரம் வேண்டும்.

அந்த நேரத்துக்குத்தான் பஞ்சம். 2020இல் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தமிழகத்திலோ 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்ட அரசு செவிலியர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராட வேண்டியிருந்தது. கருவிக்குத் தாராளமும் அதன் அருகே நிற்பவருக்குச் சிக்கனமும் காட்டுவது நிர்வாகக் குறை மட்டுமல்ல, அறப்பிழை.

மருத்துவர்களின் பொறுப்பும் சிறிதல்ல. எக்ஸ்ரேயில் தெரியும் நிழல் மட்டும் நிமோனியாவை உறுதிசெய்யாது. ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே சளி மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்ததும் மருந்தைச் சுருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு 7 நாள் சிகிச்சை போதும். மாதிரி எடுக்காமலே கொலிஸ்டின் போன்ற கடைசி மருந்தில் கைவைத்தால், அசினெட்டோபாக்டர் போன்ற கிருமிகள் அதற்கும் பழகிவிடும். அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு மருந்தே மிஞ்சாது. இதை எச்சரித்த, மருத்துவச் சங்கங்களின் சென்னைப் பிரகடனம் 2012இலேயே வெளிவந்தது. அறியாமல் நடந்தது என்று இன்று எவரும் சொல்ல இயலாது.

வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்ற அளவு இரவுப் பணியிலும் காக்கப்பட வேண்டும். அரசு, தனியார் வேறுபாடின்றி, நோயாளிகள் வென்டிலேட்டரில் கழித்த ஒவ்வொரு 1,000 நாட்களுக்கும் எத்தனை பேருக்கு நிமோனியா வந்தது என்பதை ஒவ்வொரு தீவிர சிகிச்சைப் பிரிவும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். மாநில சுகாதாரத் துறை இவ்விரண்டையும் அறிவுரையாக அல்ல, ஆணையாகப் பிறப்பிக்க வேண்டும்.