காபனும் கபனும்

 

போன கிழமை வகுப்பில் உலோகங்களைத் தாக்குதிறன் வரிசையில் எழுதிப் போட்டோம். மேலே பொற்றாசியம், சோடியம். நடுவில் இரும்பு, ஈயம். அடியில் வெள்ளி, தங்கம். கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல்: "சேர், ஒருத்தரிட்டையும் தங்காததுக்கு ஏன் தங்கமெண்டு பேர் வைச்சவை?"

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்துவிட்டு விளக்கினோம். தங்கம் காற்றோடும் தண்ணியோடும் தாக்கம் புரியாது, கறள் பிடிக்காது. அது தங்கும். தங்காதது நாங்கள்தான்.

பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. ஈயம், 'ஈய மாட்டம்' என்று கைவிரிக்கிற ஆளின் உலோகமாம். இரும்பு செத்தவீட்டுக்கு உரியதாம்: வந்தவரையெல்லாம் 'இரும், இரும்' என்போம், படுத்திருப்பவரை ஒருவரும் இருக்கச் சொல்வதில்லை. எங்கள் பங்குக்கு ஒன்று சொன்னோம்: காபனில் அரவை எடுத்தால் கபன். மையித்தைச் சுற்றும் வெள்ளைத் துணிதான் கபன். பருத்தித் துணி என்பதால் அதுவும் காபன், ஐதரசன், ஒட்சிசன் சேர்ந்ததுதான். பொக்கற் மட்டும் இல்லை.

70 கிலோ உடம்பில் இரும்பு ஏறக்குறைய 4 கிராம். தங்கம் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கபுறுக்கோ சுடலைக்கோ கழற்றாமல் கொண்டுபோகக்கூடிய தங்கம் அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இது வெறும் பகிடி இல்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று இங்குள்ள முஸ்லிம்களுக்கு வெளியேற இரண்டு மணித்தியாலம்; ஆளுக்கு 150 ரூபா; காதில் கிடந்த தோடும் கழற்றப்பட்டது. ஐந்து வருசம் கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30. வலிகாமத்துச் சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் விட்டுப் போய்ப் பார்த்தவர்கள் நாங்கள், இரண்டு பக்கமும்.

அப்படிப்பட்ட நாங்கள்தான் இன்று நாற்பது கழியுமுன் காப்புக்குச் சண்டை பிடிக்கிறோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அடைவு வைத்த நகையால் சகோதரங்கள் பேச்சுவார்த்தை இல்லை. யாரோ நம்பிக் கொடுத்துவைத்த சங்கிலியும் அதற்குள் கிடந்ததாம். உம்மா எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு எது யாருடையதென்று தெரியவில்லை.

ஆகவே எங்கள் அபிப்பிராயம் சின்னது. ஒரு கொப்பி வாங்குங்கள். கடன், அமானிதம், அடைவுத் துண்டு எல்லாவற்றையும் எழுதி வீட்டில் ஒருவருக்காவது காட்டுங்கள். பெட்டியில் பூட்டிய தங்கம் 40 பவுன் என்றால் வருசம் ஒரு பவுன் ஸக்காத்துக்கு உரியது, அதையும் எழுதுங்கள். (போடுகிற நகைக்கு உண்டா என்ற தர்க்கத்தை உலமாக்களிடம் விடுகிறோம், எங்களை இழுக்காதீர்கள்.) 'அவவுக்குச் சீதனம் குடுத்தாச்சு' என்று தங்கச்சியின் பங்கை விழுங்குவதற்குக் கொப்பியில் இடம் வைக்க வேண்டாம்.

மணி அடிக்குமுன் அதே கடைசி வாங்குக்காரன் கேட்டான்: "சேர், உங்களிட்டை எத்தினை பவுன்?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றோம். அன்றிரவே கொப்பி எடுத்து இருந்தோம். முதல் வரியில் விழுந்தது, பக்கத்து வீட்டு ஐயாவிடம் இரண்டு வருசத்துக்கு முன் இரவல் வாங்கிய அலுமினிய ஏணி.