டைனோ தாளும் மணல் மேடும்

வளைகுடா நாடுகளில் டர்போ வேலை பார்க்கும் பட்டறைகளுக்கு இந்தக் காட்சி பழகியது. நிசான் பேட்ரோல் ஒன்று டைனோ ரோலரிலிருந்து இறங்குகிறது. உள்ளே டிபி48 இன்ஜின்: வரிசையாக ஆறு சிலிண்டர், 4,759 சி.சி. கம்பெனி கொடுத்தது சுமார் 280 குதிரைத்திறன். இப்போது பெரிய டர்போவும் பெரிய இன்ஜெக்டர்களும் ஏறியிருக்கின்றன. பழைய ஈசியூ இருந்த இடத்தில் நாமே மேப் எழுதும் ஈசியூ. பிரின்டரில் வரும் தாளில் பழைய எண் இரட்டிப்பாகியிருக்கிறது. வாடிக்கையாளர் அதைப் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புகிறார். பட்டறைக்குப் பெயர் கிடைக்கிறது.

அந்தத் தாளை வைத்து நம் வேலையை எடைபோடும் பழக்கத்தை விட வேண்டும் என்பதுதான் இந்த இதழில் நான் சொல்ல வந்தது. ஏற்றத்தில் பெட்ரோல் பம்ப் ஒரு வினாடி காற்றை உறிஞ்சினால் நீங்கள் மாட்டிய ஈசியூ என்ன செய்யும்? இதற்குப் பதில் வைத்திருப்பவரே வேலையை முடித்தவர்.

டைனோவில் ஒரு இழுப்பு பத்துப் பதினைந்து வினாடி. வண்டி சமதரையில் நிற்கிறது, முன்னால் பெரிய ஃபேன் ஓடுகிறது, டேங்கில் போதிய பெட்ரோல். மணலில் இவை எதுவும் இல்லை. அபுதாபியின் லிவா பக்கம் உள்ள மொரீப் மேடு சுமார் 300 மீட்டர் உயரம். சரிவு 50 டிகிரி என்பார்கள். டயர் மணலை அரைக்கிறது, வண்டி ஊர்கிறது, இன்ஜின் முழு பூஸ்டில் கத்துகிறது. இன்டர்கூலருக்குக் காற்று கிடைப்பதில்லை. 20 டிகிரியில் உள்ள காற்று 70 டிகிரிக்குச் சூடேறினால் அதே அழுத்தத்தில் அதன் அடர்த்தி ஏறத்தாழ 15 சதவீதம் குறையும். நாக்கிங் வரும் வாய்ப்போ கூடும். ஆகவே உள்காற்று வெப்பத்தைப் பார்த்து டைமிங்கைக் குறைக்கும் டேபிளைக் காலியாக விட்டு வண்டியை அனுப்பக் கூடாது. அந்த வெப்பத்தை அளக்கும் சென்சாரும் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்க வேண்டும், இன்ஜின் சூட்டை வாங்கும் உலோகத்தில் புதையாமல்.

மேப்புக்கு முன்னால் அடிப்படை. கிராங்கின் 36-1 பல் சக்கரத்தில் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. எண்ணிக்கை ஒரு பல் பிசகினால் மேப்பில் உள்ள ஒவ்வொரு கட்டமும் 10 டிகிரி பொய். டைமிங்கை 15 டிகிரியில் நிலையாக வைத்து, கிராங்க் புல்லியில் டைமிங் லைட் அடித்துப் பாருங்கள். ஐடிலில் பார்த்தால் போதாது, 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். வேகம் கூடக் கூடக் குறி நகர்ந்தால், காந்த வகை பிக்கப்பின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றனவா என்பதை முதலில் சோதியுங்கள். சென்சார்களின் எர்த்தை பாடியில் கொடுக்காதீர்கள். அது ஈசியூவின் சென்சார் எர்த் பின்னுக்கே திரும்ப வேண்டும். ஈசியூவின் பவர் எர்த் இன்ஜின் பிளாக்கில் முடியட்டும்.

சமீபத்தில் ஒரு லாக் என் கைக்கு வந்தது. வண்டிக்காரரின் புகார்: "மேட்டில் பாதியில் சக்தி போகிறது." மேப் சுத்தமாக இருந்தது. டேங்கில் கால்வாசி பெட்ரோல். ஏற்றம் தொடங்கிய சில வினாடிகளில் ஃபியூவல் பிரஷர் கோடு இறங்குகிறது. ரெகுலேட்டர் 3 பார். பூஸ்ட் 1 பார். அப்படியானால் ரெயிலில் 4 பார் நிற்க வேண்டும். நின்றது 3.4. இன்ஜெக்டரின் இரு பக்கமும் உள்ள வித்தியாசம் 2.4 பார். ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் பெட்ரோல் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. 0.80 லாம்டாவுக்கு எழுதிய கட்டம் 0.89 ஆனது. முழு பூஸ்டில் அந்த லீன் கலவை பிஸ்டனைத் தின்னும். அந்த ஈசியூவில் ஃபியூவல் பிரஷருக்கு சென்சார் இருந்தது, லாக்கும் பதிந்தது, ஆனால் அதை வைத்து பூஸ்டை வெட்டச் சொல்லி யாரும் எழுதவில்லை. பிறகு சர்ஜ் டேங்க் போட்டார்கள். வித்தியாசம் 2.7 பாருக்குக் கீழே போனால் வேஸ்ட்கேட் திறக்க ஒரு வரி எழுதினார்கள். வரியை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

ஆயில் பிரஷரும் இப்படித்தான். 15 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் இன்ஜினை நிறுத்து என்று ஒரே எண்ணைப் போட்டுவிட்டுத் திருப்தியடைகிறோம். 1,000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சரிவில் ஆயில் பின்பக்கம் ஒதுங்கி, 5,000 ஆர்பிஎம்மில் பிரஷர் 25க்கு விழுகிறது. பேரிங் போய்க்கொண்டிருக்கும், ஈசியூ எல்லாம் சரி என்று நினைக்கும். எல்லை ஆர்பிஎம்முக்கு ஏற்ப ஏறும் டேபிளாக இருக்க வேண்டும்.

வின்ச்சை மறந்துவிடுகிறோம். மணலில் புதைந்த வண்டியை வின்ச் இழுக்கும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகிறது. வோல்டேஜ் 14லிருந்து 11க்கு இறங்குகிறது. வோல்டேஜ் குறைந்தால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும். அந்தத் தாமதம் அரை மில்லிசெகண்ட் கூடினாலும், ஐடிலில் இரண்டு மில்லிசெகண்ட் மட்டுமே பெட்ரோல் தெளிக்கும் இன்ஜினுக்கு அது கால்வாசிப் பங்கு. கலவை லீன் ஆகி இன்ஜின் நின்றுவிடும். வாடிக்கையாளர் வின்ச்சைத் திட்டுவார். தவறு, இன்ஜெக்டர் தாமத டேபிளில் எல்லா வோல்டேஜுக்கும் ஒரே எண்ணை நிரப்பிய நம் கையில். பட்டறையை விட்டு வண்டி போகும் முன் ஹெட்லைட், ஃபேன், வின்ச் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஐடிலைப் பாருங்கள்.

நாக் சென்சார் மாட்டினால் கேட்க வேண்டிய அதிர்வெண்ணைக் கணக்குப் போட்டு எழுதுங்கள். 900ஐ, பையால் பெருக்கிய சிலிண்டர் ஆரத்தால் (மி.மீ.) வகுக்க வேண்டும். 99.5 மி.மீ. துளை உள்ள டிபி48க்கு சுமார் 5.8 கிலோஹெர்ட்ஸ் வரும். வேறு இன்ஜினின் எண்ணை அப்படியே காப்பி அடித்தால், ஈசியூ டிரான்ஸ்பர் கேஸ் சத்தத்துக்கு டைமிங்கைக் குறைக்கும், உண்மையான நாக்கிங்கைக் கோட்டை விடும்.

கடைசியாக ஒரு மனக்குறை. நன்றாக மேப் எழுதிவிட்டு, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி அனுப்புகிறோம். உழைப்பைத் திருடுவார்கள் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் வளைகுடாவில் விசா முடிந்து ஊர் திரும்பியவர் எத்தனை பேர்? அடுத்து அந்த வண்டியைத் திறப்பவர் நம் தம்பிகளில் ஒருவராகவே இருக்கலாம். பூட்டிய பெட்டியும், நிறம் தெரியாத வயர்களும், படமில்லாத ஹார்னஸும்தான் அவருக்கு மிஞ்சும். முடிவில் எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவார். செலவு வாடிக்கையாளருக்கு.

அடுத்த வண்டியை ஒப்படைக்கும்போது டைனோ தாளோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக் கொடுங்கள்: பின் எண்களும் வயர் நிறங்களும் எழுதிய வயரிங் படம், பூட்டாத மேப் ஃபைல் உள்ள பென் டிரைவ், எந்த எல்லையில் ஈசியூ என்ன செய்யும் என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கம். அந்தக் கடைசிப் பக்கத்தை எழுத உட்கார்ந்தால், எந்த டேபிளைக் காலியாக விட்டோம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.