செப்புத் தகட்டில் ஒரு நோ டியூஸ்!

ஹால் டிக்கெட் வேணும்னா முதல்ல என்ன கேட்பாங்க? நோ டியூஸ்! லைப்ரரி, லேப், ஹாஸ்டல் மெஸ்னு ஒவ்வொரு வாசலா ஏறி இறங்கி, 'இந்தப் பையனுக்கு எங்கேயும் பாக்கி இல்லை'னு கையெழுத்து வாங்கினாத்தான் பரீட்சை. பிலிப்பைன்ஸ்ல இதுவரை கிடைச்ச, தேதி போட்ட மிகப் பழைய எழுத்து ஆவணமும் ஒரு நோ டியூஸ்தான். நம்புங்க பாஸ்!

1989-ல் லகூனா மாகாணத்துல, ஆற்றில் மணல் அள்ளினவங்க கையில் ஒரு மெல்லிய செப்புத் தகடு சிக்கியது. மொத்தமே பத்து வரி. மிண்டோரோ தீவுல வாழ்ந்த டச்சுக்காரர் ஆன்டூன் போஸ்ட்மா அதைப் படிச்சுச் சொன்னார். தேதி சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. எழுத்து, நம்ம பல்லவர் எழுத்து கடல் தாண்டிப் போய் ஜாவாவில் உருமாறின 'கவி' எழுத்து. மேட்டர் இதுதான்: நம்வரான் என்பவரின் கடன் தீர்ந்தது, அவர் வாரிசுகளும் இனி கட்ட வேண்டியதில்லை. தொகை 1 கட்டி, 8 சுவர்ணம் தங்கம். இன்றைய எடையில் நூறு பவுனுக்கு மேல!

மெகல்லன் அந்தக் கரையில் இறங்கினது 1521-ல். அதுக்கு 600 வருஷம் முன்னாடியே தங்கத்தை நிறுத்துக் கணக்கு வெச்சிருக்காங்க. நெல் விளைச்சல், மீன்பிடிப்பு, நெசவு, ஆற்று மணலை அலசித் தங்கம் எடுக்கிறதுனு பல பிழைப்பு. கிராமத்துக்குப் பேர் 'பரங்கை'. அதுவே 'பலங்கை'ங்கிற படகோட பேர்ல இருந்து வந்தது. புத்துவான் நகர்ல 1976-லிருந்து தோண்டி எடுத்த படகுகள்ல, பலகைகளை மர முளை அடிச்சே இணைச்சிருக்காங்க. மெக்கானிக்கல் மக்கள் கவனிக்க!

வியாபாரம்? அதுதான் செம! 1225-ல் சீன அதிகாரி ஜாவோ ருகுவா 'மா-யி' தீவைப் பற்றி எழுதியிருக்கார். சீனக் கப்பல் வந்ததும் உள்ளூர் வியாபாரிங்க பீங்கான், இரும்புச் சட்டி, கண்ணாடி மணி எல்லாத்தையும் கூடையில அள்ளிட்டு மற்ற தீவுகளுக்குக் கிளம்பிடுவாங்களாம். மெழுகு, முத்து, ஆமை ஓடுனு பதில் சரக்கோட திரும்ப எட்டு, ஒன்பது மாசம் ஆகும். அதுவரை கப்பல் காத்திருக்கும். அதனாலேயே மா-யிக்குப் போன கப்பல்தான் கடைசியா ஊர் திரும்பும். ஆனா சரக்கு எதுவும் தொலையாது!

இது ஒரு பக்கம். நம்பிக்கையில கொடுத்த அதே கடனை ஏழையால திருப்ப முடியலைன்னா?

1589-ல் ஹுவான் தெ பிளாசென்சியா என்ற ஸ்பானிஷ் துறவி தகலோக் மக்களின் வழக்கங்களைப் பதிவு செய்தார். அதில் 'அலிப்பின்' என்ற அடிமைகள் வர்றாங்க. பிறப்பு, போர், தண்டனை மட்டுமில்லை, கடனும் ஒருத்தரை அலிப்பின் ஆக்கும். 'நமமஹாய்' வகைக்குச் சொந்த வீடு உண்டு, விளைச்சல்ல பங்கும் உழைப்பும் எஜமானுக்கு. 'சகிகிலித்' எஜமான் வீட்டோடயே கிடக்கணும், அவங்களை விற்கவும் முடியும். அந்த நிலை பிள்ளைகளுக்கும் இறங்கும். தங்கம் கொடுத்தா விடுதலை.

இப்ப அந்தத் தகட்டை மறுபடி பாருங்க. அப்பா பட்ட கடன் மகள் தலையில விழாதுன்னு எழுதி வாங்கின காகிதம் அது. ஸாரி, செம்பு! கடைசி வரி, 'இனி யாராவது இந்தக் கடன் தீரலைன்னு சொன்னா...' என்ற அர்த்தத்தில் ஆரம்பிச்சு பாதியில நிக்குது. தொடர்ச்சித் தகடு கிடைக்கலை.

நம்மில் பல பேர் படிக்கிறதே எஜுகேஷன் லோன்ல. அந்த ஃபார்ம்ல நம்ம பேருக்குக் கீழே அப்பாவோ அம்மாவோ போட்ட கையெழுத்து இருக்கும். வேலை கிடைச்சு கடைசித் தவணை கட்டினதும் ட்ரீட்டுக்கு ஓடாம, பேங்க்ல 'கடன் முடிந்தது'னு லெட்டர் வாங்குங்க. அதை அவங்க கையில கொடுங்க. செம்புல வேண்டாம், பேப்பர்ல இருந்தாலே போதும்!