நட்சத்திரத்துக்கு ஒரு நீதி, நம் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நீதியா?

சென்ற வாரம் ஒரு காரியமாகக் கந்தர்வக்கோட்டைக்குப் போயிருந்தோம். தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையோடு வரும் இணைப்பை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். ஏழெட்டுப் பேர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். சினிமா நட்சத்திரங்கள் தங்கள் ரசிகைகளைக் காதலித்து மணந்துகொண்ட இனிய கதைகளாம்! இந்தி நடிகர் திலீப் குமாரைப் பன்னிரண்டு வயதிலிருந்தே மனத்தில் வைத்திருந்த சாய்ரா பானு அவருக்கே மனைவியான இடம் வந்தபோது, வாசித்தவருக்குக் குரல் கம்மிவிட்டது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டிருந்தவர்களும் "அதுக்குக் குடுப்பினை வேணும்" என்று தலையை ஆட்டினார்கள்.

பிறகு விசாரித்ததில் நமக்குத் தெரியவந்தது என்னவென்றால், கண்ணைத் துடைத்துக்கொண்ட அதே மனிதர், சென்ற வருஷம் தம் மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திவிட்டார் என்பதுதான். குற்றம் என்ன? பஸ்சுக்குக் காத்திருந்த இடத்தில் ஒரு பையனோடு பேசினாளாம். பையன் வேறு சாதியாம். அதைப் பார்த்து வந்து சொன்னவர், அந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தலையை ஆட்டியவர்களில் ஒருவர்!

தோழர்களே! இதைப்பற்றித்தான் இந்த வாரம் நாம் எழுதப்போகிறோம்.

நாம் காதலுக்கு விரோதிகள் அல்ல. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டிலேயே, பெண்ணுக்குப் பதினாறு வயதுக்கு முன் கலியாணம் கூடாது என்றும், துணையைத் தேர்ந்தெடுக்கவும் ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ளவும் அவளுக்கு உரிமை வேண்டும் என்றும் பேசிய இயக்கம் இது. அன்றைக்கு நம்மைக் குடும்பம் கெடுக்கிறவர்கள் என்று வைதவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு நட்சத்திரக் காதலைப் படித்து உருகுகிறார்கள். உருகட்டும். ஆனால் எதைக் கண்டு உருகுகிறார்கள் என்பதே நம்முடைய கேள்வி.

இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் விரும்பினார்கள் என்பதற்காகவா? அப்படியானால் டீக்கடைக்காரர் மகன் விரும்பினாலும் உருகவேண்டுமே! அதைக் காணோம். இவர்கள் உருகுவது, மேலே இருக்கும் ஒருவர் கீழே இருக்கும் ஒருத்தியைக் கடைக்கண்ணால் பார்த்துவிட்டார் என்பதற்காக. அதாவது, சாமி வரம் கொடுத்துவிட்டது என்பதற்காக. "குடுப்பினை" என்ற வார்த்தையே இதைக் காட்டிக் கொடுத்துவிடுகிறதல்லவா?

இந்தப் புத்தி சினிமா வந்த பிறகு வந்ததல்ல. மார்கழி பிறந்தால் ஆண்டாள் கதையைச் சொல்கிறார்கள். ஒரு பெண் அரங்கநாதனையே புருஷனாக வரித்தாள். கலியாணக் கோலத்தோடு கோவிலுக்குள் போனாள். சிலையோடு கலந்துவிட்டாள் என்கிறார்கள். இன்றைக்கு ஒரு வீட்டுப் பெண் கோவிலுக்குள் போய்த் திரும்பி வராவிட்டால், நாம் கலந்துவிட்டாள் என்று இருப்போமா, போலீசில் எழுதி வைப்போமா? பெற்றவன் எவனாவது இதற்குப் பதில் சொல்லட்டும்.

கதையோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சாமிக்குப் பெண்ணைக் கட்டிவைக்கிறோம் என்று பொட்டுக்கட்டி, பிறகு ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு விட்டுவிட்ட கொடுமை தலைமுறை தலைமுறையாக இந்த நாட்டில் நடந்தது. புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தக் குலத்துத் தாய்க்குப் பிறந்தவர். அவர் சென்னைச் சட்டசபையில் இந்த வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்று எழுந்து பேசினார். வழக்கத்துக்குப் பரிந்து பேசியவர்களில் ஒருவர் சத்தியமூர்த்தி. அவர் பிறந்த ஊரும் இதே ஜில்லாவில் உள்ள திருமயந்தான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையிலிருந்து வெளியே வந்து, 1936-இல் அதன் சூதுகளையெல்லாம் ஒரு நாவலாகவே எழுதி வெளியிட்டார். இவ்வளவு போராட்டத்துக்குப் பிறகுதான் 1947-இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. சாமியோடு கலியாணம் என்பது எவ்வளவு "இனிப்பு" என்று நமக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை.

நிற்க, சட்டம் வழக்கத்தை ஒழித்தது. புத்தியை ஒழிக்கவில்லை. சாமி கோவிலைவிட்டுக் கொட்டகைக்கு இடம் மாறிற்று, அவ்வளவுதான். கட்டவுட்டுக்குப் பால் ஊற்றுகிறார்கள். ராஜேஷ் கன்னா கொடிகட்டிப் பறந்த காலத்தில் பெண்கள் அவருடைய போட்டோவுக்கு மாலையிட்டுக் கலியாணம் செய்துகொண்டார்கள் என்றும், ரத்தத்தில் கடிதம் எழுதினார்கள் என்றும் சொல்வார்கள். பொட்டுக்கட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம், அங்கே பெற்றவர்கள் கட்டிவைத்தார்கள், இங்கே தானே கட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான்.

இதில் ஆண் தெய்வத்துக்குள்ள யோக்கியதை பெண் தெய்வத்துக்கு உண்டா என்று பாருங்கள். நடிகை குஷ்புவுக்குத் திருச்சிப் பக்கத்தில் ரசிகர்கள் கோவிலே கட்டினார்கள். அதே அம்மையார் 2005-இல், படித்த ஆண்பிள்ளைகள் தங்களுக்கு வரும் மணப்பெண்ணின் கற்பைப் பற்றிய பழைய எதிர்பார்ப்பை விடவேண்டும் என்கிற கருத்தில் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். உடனே செருப்பும் துடைப்பமும் கிளம்பின. தமிழ்நாடு முழுக்க இருபதுக்கு மேற்பட்ட வழக்குகள்! 2010 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அத்தனையையும் தள்ளுபடி செய்யவேண்டியதாயிற்று. தெய்வம் வாயை மூடிக்கொண்டிருக்கும் வரைதான் பூஜை. வாயைத் திறந்து பெண்களின் உரிமையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், கோவில் கட்டியவனே கல்லெறிவான்.

சரி, டீக்கடையில் வாசிக்கப்பட்ட கதைக்கே வருவோம். அந்த இணைப்புக்காரர் சொல்லாமல் விட்ட சங்கதிகளைச் சேர்த்துப் பார்த்தால், கதை வேறு மாதிரி ஆகிறது. சாய்ரா பானு சாமானிய ரசிகை அல்ல. அவருடைய தாயார் நசீம் பானுவே பெயர் பெற்ற நடிகை. மகள் லண்டனில் படித்தவர். திரும்பி வந்து 1961-இல் "ஜங்லீ" என்ற படத்தில் நடித்துத் தாமும் நட்சத்திரமானார். திலீப் குமாரோ, இந்தப் பெண் வயதில் மிகவும் சிறியவள் என்று சொல்லி அவரோடு ஜோடியாக நடிக்கவே மறுத்துக்கொண்டிருந்தவர். 1966 அக்டோபரில் கலியாணம் நடந்தபோது அந்த அம்மையாருக்கு வயது 22, மாப்பிள்ளைக்கு 43. ஆனால் அதற்குள் ஐந்து வருஷம் தாமே உழைத்துச் சம்பாதித்து, தம் காலில் நின்று பழகிவிட்டார் அந்த அம்மையார். யாரும் அவருக்கு வரம் கொடுக்கவில்லை. தமக்குச் சமமான இடத்துக்குத் தாமே ஏறி வந்து, தாம் விரும்பியவரைக் கேட்டுப் பெற்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெரியவர்கள், தங்கள் பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்துவதற்கு முன் இந்த இடத்தைத்தான் இரண்டு தரம் வாசித்திருக்கவேண்டும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அந்தத் "தெய்வம்" இரண்டாவதாக ஒரு கலியாணம் செய்துகொண்டது. சில வருஷத்துக்குள் அது முறிந்தது. தாம் செய்தது பெருந்தவறு என்று 2014-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்டதற்காக நாம் அவரை மதிக்கிறோம். ஆனால் பத்திரிகைக்காரர்கள் எதைப் புகழ்கிறார்கள்? அம்மையாரின் "பொறுமை"யைப் புகழ்கிறார்கள்! அதே காரியத்தை அம்மையார் செய்திருந்தால் அய்யாவின் பொறுமையைப் புகழ எந்தப் பத்திரிகைக்காரனாவது முன்வந்திருப்பானா? கடைசிக் காலத்தில், 2021 ஜூலையில் 98 வயதில் அவர் இறக்கும்வரை, அந்த அம்மையார் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். அது ஒரு மனுஷி இன்னொரு மனிதருக்குச் செய்த அன்பான உழைப்பு. அதைப் பக்தி என்று சொல்லி அந்த உழைப்பை ஏன் குறைக்கவேண்டும்?

ராஜேஷ் கன்னாவின் கதையும் அந்த இணைப்பில் இருந்தது. அவருடைய ரசிகையாக இருந்த டிம்பிள் கபாடியாவை 1973 மார்ச்சில் அவர் மணந்தார். மாப்பிள்ளைக்கு வயது 30. பெண்ணுக்குப் பதினாறு முடியவில்லை! அன்றைய சட்டம் பெண்ணுக்குப் பதினைந்து என்று இருந்ததால் குற்றமாகவில்லை. 1978-இல்தான் அது பதினெட்டாயிற்று. நம் மகாநாடு 1929-இலேயே போட்ட கணக்குக்குக்கூட அந்தப் பெண் வந்துசேரவில்லை. பெண் நடித்த முதல் படம் "பாபி" வெளிவந்து நாடெங்கும் ஓடியபோது, அவர் நடிப்பை விட்டு வீட்டுக்குள் இருந்தார். 1982-இல் பிரிந்தார். பிறகுதான் மறுபடி நடிக்க வந்து தம் பெயரைத் தாமே சம்பாதித்தார். இணைப்புக்காரர் கலியாணப் பந்தலோடு கதையை முடித்துவிட்டார். வரம் வாங்கியவள் என்ன ஆனாள் என்பதைப் புராணக்காரனும் எழுதுவதில்லை, பத்திரிகைக்காரனும் எழுதுவதில்லை.

தமிழ்நாட்டுச் சங்கதிக்கு வருவோம். பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்து நடிகரான ரஜினிகாந்த் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரி மலருக்காக அவரைப் பேட்டி காண வந்த எத்திராஜ் கல்லூரி மாணவி லதா, தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்தவர். 1981 பிப்ரவரியில் திருப்பதியில் கலியாணம். சாதி வேறு, மொழி வேறு. ரசிகர்கள் யாராவது "எங்கள் தலைவர் சாதி கெட்டுவிட்டார்" என்றார்களா? அரிவாள் எடுத்தார்களா? பெண்ணின் சாதிக்காரர் யாராவது பந்தலை மறித்தார்களா? ஒன்றும் இல்லை. இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினார்கள். சாதி போனால் உலகம் கவிழ்ந்துவிடும் என்பது உண்மையானால், அன்றைக்குக் கவிழ்ந்திருக்கவேண்டுமே!

(புதுக்கோட்டை மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்ததை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் ரசித்துச் சொல்வார்கள். வெள்ளைக்கார சர்க்கார் அந்த அம்மையாரை ராணி என்று ஒப்பவில்லை. பிறந்த பிள்ளைக்குப் பட்டமும் இல்லை என்றாயிற்று. ராஜா ஊரைவிட்டு அயல்நாட்டிலேயே வாழ்ந்து 1928-இல் இறந்தார். சாதிக்குக் காவல் நம்மூரில் மாத்திரம் அல்ல, லண்டனிலும் இருந்தது என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறோம்.)

இனி நம் வீட்டுக்கு வாருங்கள். 2016-இல் உடுமலைப்பேட்டையில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, சாதி மாறி மணந்த ஒரு மாணவரை வெட்டிக் கொன்றார்கள். அது மேற்கே எங்கேயோ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. 2024 ஜனவரியில், நமக்குப் பக்கத்து ஜில்லாவிலேயே, பட்டுக்கோட்டைப் பக்கத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பு வாலிபரை மணந்த 19 வயதுப் பெண் கொல்லப்பட்டாள். கைதானவர்கள் அவளைப் பெற்றவர்களே. போலீஸ் நிலையத்திலிருந்து தகப்பனோடு அனுப்பிவைக்கப்பட்ட பெண் சில தினங்கள்கூட உயிரோடு இல்லை. அந்தப் பெண்ணுக்கும் ஏதாவதொரு நடிகரின் காதல் கதை பிடித்திருக்கும். அந்தத் தகப்பனும் எங்கேயாவது ஒரு கொட்டகையில் உட்கார்ந்து காதலர் சேரும் காட்சிக்குக் கை தட்டியிருப்பார்.

"அவர்களுக்குப் பணம் இருக்கிறது, புகழ் இருக்கிறது, நமக்கு ஊரை அனுசரித்துப் போகவேண்டாமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இப்படிக் கேட்கிறவர் தம்மை அறியாமலே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறார். சாதி சாமி வைத்ததல்ல, பணத்தையும் புகழையும் கண்டால் ஒதுங்கிப் போகிற வெறும் கட்டுப்பாடு என்பதை ஒப்புக்கொள்கிறார். சாமி வைத்ததாக இருந்தால் நடிகருக்கும் அல்லவா தடுத்திருக்கும்? ஆகவே, பெண் தன் காலில் நிற்கிற அளவுக்கு அந்தக் கட்டுப்பாடு தளரும். அவளைக் கல்லூரியிலிருந்து இழுத்து வந்து வீட்டில் வைக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்தே இருக்கிறது.

சட்டம் பெண் பக்கந்தான் நிற்கிறது. அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி, இந்து என்று பதிவான இருவர் உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், புரிகிற மொழியில் சம்மதம் சொல்லி, மாலை மாற்றிக்கொண்டாலே போதும். அய்யரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம். ஊரைக் கூட்டவேண்டும் என்பதுகூட அவசியம் இல்லையென்று 2023-இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. வேறு மதத்தவருக்கு 1954-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது; ஆனால் அதில் முப்பது நாள் முன்னதாக ஆபீசில் பெயரை ஒட்டி ஊருக்குக் காட்டவேண்டும் என்ற ஒரு குறை. அரிவாள்காரனுக்கு முகவரி எழுதிக் கொடுப்பது போன்ற அந்த விதியை எடுக்கவேண்டும் என்று நாம் கேட்கிறோம். சாதி மறுத்து மணப்பவர்களுக்கு ஜில்லாதோறும் பாதுகாப்புப் பிரிவும் தங்குமிடமும் வேண்டும் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு இட்ட உத்தரவு இருக்கிறது. நம் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று இயக்கத் தோழர்கள் ஜில்லா ஆபீசில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, ஊராருக்குச் சொல்லவேண்டும்.

அன்று டீக்கடையைவிட்டுப் புறப்படுமுன் அந்தப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். "அண்ணே, அந்தப் பொண்ணு ஆசைப்பட்டவரைக் கட்டிக்கிட்டதுக்குக் கண்ணீர் விட்டீங்களே, உங்க பொண்ணு படிப்பை ஏன் நிறுத்தினீங்க?" என்றோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பத்திரிகையை நாலாக மடித்தார். "அது சினிமாக்காரவுக சமாச்சாரம் தம்பி. நமக்குச் சரிப்படுமா?" என்றார். பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டோம். முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்துக்குப் போகிறாளாம். கொட்டைப் பால் பட்டு விரலெல்லாம் வெந்துபோய் இருக்கிறதாம். சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "இன்னும் ரெண்டு வருசம் பாக்கி இருந்துச்சு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

விட்ட இடத்திலிருந்து மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கல்லூரியில் விசாரித்துச் சொல்வதாக நாம் சொன்னோம். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தஞ்சாவூர் பஸ் வந்துவிட்டது, ஏறிக்கொண்டோம்.