சினை பிடிக்காத மாடும் ஏப்பம் விடும்

சென்னையில் மாட்டைப் பற்றி இரண்டு இடங்களில்தான் உரக்கப் பேசுகிறார்கள். ஒன்று மாநகராட்சி மன்றம். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கிய காட்சி கைபேசிகளில் சுற்றிய பிறகு, தெருவில் திரியும் மாட்டுக்கான அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகி, அடுத்த ஆண்டே 10,000 ஆயிற்று. மற்றொன்று கருத்தரங்கக் கூடம். அங்கே மீத்தேன் வரைபடங்கள் திரையில் ஓடும். கடைசிப் படத்தில் பூமி சிவந்திருக்கும். எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

இந்த இரண்டு இடங்களிலும் ஒருவரும் புரட்டிப் பார்க்காத ஏடு ஒன்று உண்டு. கால்நடை மருந்தகத்தின் மேசையில் அட்டை கிழிந்து கிடக்கும் சினைப் பதிவேடு. உணவுக்காக வளர்க்கும் கால்நடையால் சுற்றுச்சூழலுக்கு நேரும் சுமையில் மருத்துவரின் கைக்கு எட்டக்கூடிய பங்கு எவ்வளவோ, அதில் பெரும்பகுதி அந்த ஏட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பது இவ்விதழின் கருத்து.

முதலில் மயிலாப்பூரின் காபியைப் பார்ப்போம். விடிகாலையில் மாடவீதிக் கடைகளில் பால் பெட்டிகள் இறங்குகின்றன. ஆவின் மட்டுமே சென்னையில் நாளொன்றுக்கு 14 லட்சம் லிட்டர் வாக்கில் விற்கிறது. சோழிங்கநல்லூர், அம்பத்தூர், மாதவரம் பண்ணைகளில் பதப்படுத்திய அந்தப் பாலைக் கறந்த மாடுகள் திருவண்ணாமலை, விழுப்புரம், வேலூர் பக்கத்துக் கொட்டகைகளில் நிற்கின்றன. தி.நகரில் குடிக்கும் காபிக்கான ஏப்பம் செங்கத்தில் விடப்படுகிறது. இந்த ஏற்பாடு தானாக வந்ததல்ல. ஒரு காலத்தில் பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து, தண்ணீர் கலக்கவில்லை என்று வீட்டுக்காரம்மாள் பார்த்திருக்க, சொம்பில் கறந்து கொடுத்துவிட்டுப் போவார். கன்று செத்துப்போயிருந்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்த பொம்மையை மாட்டின் முன்னால் நிறுத்துவார். சுதந்திரத்துக்குப் பின் நகரத்து மாடுகளை வெளியே கொண்டுபோகும் நோக்கத்தில் மாதவரம் பால் குடியிருப்பு எழுந்தது. பிறகு கூட்டுறவு வந்தது, பாக்கெட் வந்தது. சாணமும் நாற்றமும் நகர எல்லையைத் தாண்டின. சுமை இடம் மாறியதே தவிர எடை குறையவில்லை.

எடையை அளக்கும் அளவுகோல் இது. மாடு தின்ற தீனியின் மொத்த ஆற்றலில் சுமார் 6.5 சதவீதம் மீத்தேனாக வாய்வழியே போய்விடுகிறது என்று எடுத்துக்கொண்டுதான் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழுவான ஐபிசிசி கணக்கிடுகிறது. தீனியின் தரத்துக்கு ஏற்ப இது ஏறி இறங்கும். மீத்தேன் காற்றில் தங்குவது சுமார் 12 ஆண்டுகள்தான். ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு சூடேற்றும். உலகப் பால் உற்பத்தியை ஆராய்ந்து ஐ.நா. உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ. 2019-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு கிலோ பாலுக்கான பசுங்குடில் வாயு 2015-இல் உலகச் சராசரியாக 2.5 கிலோ. மிகக் குறைந்த வட்டாரத்தில் 1.3, மிக அதிகமான வட்டாரத்தில் 6.7. ஒரே விலங்கு, ஒரே பெருவயிறு. இடைவெளி ஐந்து மடங்கு.

ஏன் இந்த ஐந்து மடங்கு? நல்ல மாடு குறைவாக ஏப்பம் விடுகிறது என்பதால் அல்ல; உண்மையில் நிறையத் தின்னும் கறவை மாடு நாளொன்றுக்கு அதிகமாகவே விடும். ஆனால் அது பாலையும் தருகிறது. வறட்டு மாடு, சினை நிற்காத மாடு, பருவத்துக்கு வராத கிடேரி, இவையும் அன்றாடம் தின்கின்றன, அசைபோடுகின்றன, ஏப்பம் விடுகின்றன. சொசைட்டிக்கு மட்டும் ஒரு சொட்டும் போவதில்லை. அந்த வாயு முழுவதும் பக்கத்தில் நிற்கும் கறவை மாட்டுப் பாலின் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஒரு சிறு கூட்டல். கன்று ஈனும் இடைவெளி 13 மாதமாக இருக்கும் மாடு ஐந்து இடைவெளியைக் கடக்க 65 மாதம் ஆகும். அதுவே 18 மாதமாக நீண்டால் 90 மாதம். கறவைக்காலம் கொஞ்சம் நீளும் என்பது உண்மை. ஆனால் கடைசி மாதங்களில் மடியில் இறங்குவது எவ்வளவு என்று கறப்பவருக்குத் தெரியும். அதே ஐந்து ஈற்றுக்கு 25 மாத வைக்கோல், தண்ணீர், சாணம், ஏப்பம் கூடுதல். கிடேரி 30 மாதத்தில் முதல் கன்று போட வேண்டியது 42 மாதமானால் ஓர் ஆண்டு முழுக்கச் செலவுதான். வைக்கோல் கன்றுக்குட்டியின் காலத்திலிருந்து இன்றுவரை தொடரும் கன்று இறப்பையும் இதில் சேர்க்க வேண்டும். செத்த ஒவ்வொரு கிடாரிக் கன்றுக்கும் பதிலாக இன்னொன்றை முதலிலிருந்து வளர்த்தாக வேண்டும்.

இவற்றின் காரணங்கள் கருத்தரங்கில் கேட்பதற்குப் பிரமாதமாக இருக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் ஊமைப் பருவம். தாது உப்புக் கலவை இல்லாத தீனி. மூன்றாம் நாள் வந்து, மாடு முந்தாநாளே கத்தியது என்று சொல்லும் உரிமையாளர். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும் என்பது முதலாண்டு மாணவருக்கே தெரியும். மாலையில் மருந்தகம் பூட்டியிருக்கும் என்பது மாட்டுக்காரருக்குத் தெரியும். ஊசி போட்டு மூன்று மாதம் கழித்துச் சினை பார்க்காமல் விட்ட மாடுகள் எத்தனை என்று எந்தப் பதிவேட்டை எடுத்தாலும் தெரிந்துவிடும். காலியாக இருக்கும் கட்டங்களை எண்ணினால் போதும்.

தீனியில் புதிய வழிகளும் வந்திருக்கின்றன. பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் ‘ஹரித் தாரா’ என்ற கலவையை உருவாக்கி, மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் வரை குறைகிறது என்கிறது. டானின் நிறைந்த புளியங்கொட்டைத் தோலையும் அங்கே சோதித்திருக்கிறார்கள். புளி இல்லாமல் ஒரு நாளும் அடுப்பு எரியாத ஊருக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. ஐரோப்பாவில் இதற்கென்று தயாரித்த வேதிப்பொருளுக்கு 2022-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் தவிடும் வைக்கோலும் மட்டும் போடும் கொட்டகையில் இவற்றை முதலில் கொண்டுபோய் வைப்பது சரியல்ல. தேசியப் பால்வள வாரியம் நடத்திய சமச்சீர் தீவனத் திட்டத்தில், உள்ளூரில் கிடைக்கும் தீனியைச் சரியான அளவில் கொடுத்ததாலேயே ஒரு கிலோ பாலுக்கான மீத்தேன் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகக் கண்டார்கள். மாட்டுக்காரருக்குத் தீவனச் செலவும் குறைந்தது. பாலில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சின் எம்1 அதிகமாகக் காணப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் இருந்தது என்று 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நடத்திய நாடளாவிய ஆய்வு சொன்னது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கைத் தடுக்காமல் மீத்தேன் கலவையைப் பற்றிப் பேசுவது வேடிக்கை.

நகரத்துக்குள்ளேயே தங்கிவிட்ட மாடுகளின் கதை தனி. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி சந்துகளில் தலைமுறையாக மாடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உரிமம் வேண்டும் என்கிறது 1997-ஆம் ஆண்டின் நகர்ப்புறக் கால்நடைச் சட்டம். மேய இடம் எங்கே என்பதற்கு அதில் பதில் இல்லை. அமாவாசையன்று கோயில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டு வாங்கிக் கொடுப்பவர் மாட்டுக்கு நல்லதே செய்கிறார்; அது புரதம். வெண்பொங்கலும் வாழைப்பழமும் கூடை கூடையாகக் கொடுப்பவர் பெருவயிற்றைப் புளிக்க வைக்கிறார். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மருந்தகத்தில் அமிலநோய் மாடுகள் வரிசையில் நிற்பதை வாசகர்கள் அறிவார்கள். மீதி நாட்களில் குப்பைத்தொட்டி. 2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில், திருமுல்லைவாயிலில் இருந்து வந்த பசுவின் வயிற்றிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நீடித்த அறுவையில் 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. அந்த ஆண்டு சனவரியில்தான் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் தடை போட்டிருந்தது; பால் பாக்கெட்டுக்கு விலக்கு இருந்தது.

சாணத்திலும் நகரம் கணக்கைப் புரட்டிவிடுகிறது. கிராமத்தில் வெயிலில் காய்ந்து வயலுக்குப் போகும் சாணத்தில் மீத்தேன் மிகக் குறைவு. அதே சாணத்தைக் குழாய் வைத்துக் கழுவி மழைநீர் வடிகாலில் விட்டால், பக்கிங்காம் கால்வாயின் காற்றில்லாச் சேற்றில் அது அழுகி மீத்தேனாகிறது. தண்ணீரின் உயிர்வளியையும் தின்றுவிடுகிறது. 25 கிலோ சாணம் இருந்தால் ஒரு கனமீட்டர் எரிவாயு எடுக்கலாம். இரண்டு மூன்று மாடு நிற்கும் கொட்டகையில் ஒரு நாளில் சேரும் அளவு அது. மாநகராட்சி பொதுக் கொட்டகைகள் கட்டும்போது பக்கத்திலேயே சாண எரிவாயுக் கலனும் கட்ட வேண்டும். இதைக் கேட்க வேண்டியவர் மாநகராட்சியின் கால்நடை அலுவலர்தான். பொறியாளருக்கு இது தோன்றாது.

இறைச்சியைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். தென்சென்னைக்கான ஆட்டுக்கறியில் ஒரு பகுதி சைதாப்பேட்டை இறைச்சிக்கூடத்தில் அறுபடுகிறது. அறுப்புக்கு முன்னும் பின்னும் பரிசோதிக்கும் மருத்துவர் முத்திரை குத்துவதோடு நின்றுவிடாமல், இரத்தமும் குடற்கழிவும் எங்கே போகின்றன என்பதையும் தன் அறிக்கையில் ஒரு வரி எழுதலாம். கோழியில் வாயு குறைவு என்பார்கள், அது சரி. அங்கே கவலை மருந்து: உணவுக்கான விலங்குகளில் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக்கு 2019 ஜூலையில் தடை வந்ததே அதனால்தான். நாமக்கல்லின் கோழி எரு வயலுக்குப் போகும்போது அதில் என்ன போகிறது என்பது முட்டை விலையைவிடப் பெரிய கேள்வி.

இந்தக் கணக்கை முழுவதுமாக ஏற்காதவர்கள் இத்துறையிலேயே உண்டு; அவர்கள் பேச்சில் நியாயமும் உண்டு. மனிதன் தின்ன முடியாத வைக்கோலைத் தின்று பால் தரும் மாட்டை, சோளமும் சோயாவும் தின்னும் மேலைநாட்டு மாட்டோடு லிட்டர் கணக்கில் ஒப்பிட்டால் நம் மாடு தோற்கும். அதன் உழவு, எரு, விதவைப் பெண்ணின் கடைசிக் கையிருப்பு என்ற பயன்கள் எதுவும் அந்த வகுத்தலில் வராது. 2021-இல் கிளாஸ்கோவில் உருவான உலக மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடாததற்கும் சிறு விவசாயியின் பிழைப்பையே காரணமாகச் சொன்னது. சரி. ஆனால் சினை நிற்காத மாட்டால் அந்தச் சிறு விவசாயிக்கு ஒரு பைசா லாபம் இல்லை. வானத்துக்கும் அவருக்கும் ஒருசேர நட்டம் தரும் ஒன்றைச் சரிசெய்வதற்கு உறுதிமொழி எதுவும் தேவையில்லை.

மருந்துச் சீட்டால் சூழலை மாற்ற முடியுமா என்று கேட்பவர்கள் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் கழுகுகளை நினைத்துப் பார்க்கட்டும். டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் நாடு முழுவதும் மாண்டு, வெண்முதுகுக் கழுகு நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்தது. 2006-இல் அந்த மருந்து கால்நடைக்குத் தடையானது. மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குத் திருப்பப்பட்டதால் 2015-இல் குப்பியின் அளவே 3 மில்லியாகக் குறைக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கில் 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் கட்டுப்பாடு செல்லும் என்றது. 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிகுளோஃபெனாக்கும் தடையாயின. காய்ச்சல் மாட்டுக்கு மெலாக்சிகாம் எழுதிய ஒவ்வொரு மருத்துவரும் அந்தக் கழுகுகளுக்காக ஏதோ செய்திருக்கிறார், அவருக்குத் தெரியாமலேயே கூட.

ஆகவே இவ்விதழ் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறது. சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் மருந்தகங்களில் பணிபுரிவோர் தங்கள் சினைப் பதிவேட்டிலிருந்து நான்கு விவரங்களை மட்டும் எடுத்து அனுப்புங்கள்: முதல் ஈற்றின் வயது, இரு ஈற்றுக்கு நடுவே உள்ள மாதம், ஒரு சினைக்கு ஆன ஊசி, ஆறு மாதத்துக்குள் இறந்த கன்று. மாட்டுக்காரரின் பெயரும் முகவரியும் வேண்டாம். காலியான கட்டங்களைக் காலியாகவே அனுப்புங்கள், அவையும் தேவை. வந்தவற்றைத் தொகுத்து அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.