லயத்துக்கும் ஒரு மொடியூல் வேணும்

பைதன் படிக்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது, தேவையான மொடியூல்களை எல்லாம் கோப்பின் தலையிலேயே இம்போர்ட் செய்துவிடு என்பதுதான். நல்ல பழக்கம். ஆனால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேவைப்படும் நேரத்தில் மட்டும், ஒரு மொடியூலைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடவும் முடியும். பைதனில் இதற்கு இம்போர்ட்லிப் இருக்கிறது, பிஎச்பியில் இன்குளூட் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலும் 2020இல் இதற்கான வழி மொழியின் தரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இதைக் கடைசிப் பாடமாகத் தள்ளிவிடக்கூடாது என்பது எங்கள் கருத்து. ஒரு மென்பொருளுக்குள் யார் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்ற கேள்வியும் இதில்தான் இருக்கு.

நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தொண்டர்கள் பிஎச்பியில் எழுதிய சஹானா. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்கள், உதவிக் கோரிக்கைகள் என ஒவ்வொன்றும் தனி மொடியூல். உலாவியிலிருந்து வரும் கோரிக்கையில் மொடியூலின் பெயரும் செய்ய வேண்டிய வேலையின் பெயரும் இருக்கும். வாசலில் நிற்கும் சின்ன நிரல் அந்தப் பெயருள்ள கோப்புறையைத் தேடி, கோப்பை அப்போதுதான் ஏற்றி, பொருத்தமான ஃபங்ஷனைக் கூப்பிடும். அவ்வளவுதான். புதுத் தேவை வந்தால் புதுக் கோப்புறை. நடுவில் இருப்பதை உடைக்க வேண்டியதில்லை. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. 2006க்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதும் அதற்குக் கிடைத்தது.

சரி, இது நமக்கு எதுக்கு?

2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோது, காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற எண் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. முகவரி மட்டும்தான் அதற்குக் காரணம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள் என்பதைச் சொல்லும் பதிவு எவ்வளவு முக்கியம் என்று அந்த நாட்கள் காட்டின. ஹட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களிலும் பலருக்கு இன்னமும் வீட்டு இலக்கமோ வீதிப் பெயரோ கிடையாது. கடிதமே தோட்டத்து முகவரிக்கு வந்துதான் கைக்கு வருது. 'இலக்கம், வீதி, நகரம்' என்று கேட்கும் படிவத்தில் ஒரு லயம் முழுக்க ஒரே வரியாகிவிடும். தோட்டம், டிவிஷன், லயம், காம்பரா என்று கேட்கும் முகவரி மொடியூல்தான் நமக்குத் தேவை. சஹானா மாதிரியான அமைப்பில் அதைச் சேர்க்க யாரும் மையத்தைத் திருத்தித் தரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு கோப்புறை போதும்.

இதில் ஆபத்து இல்லையா? இருக்கு. வெளியிலிருந்து வரும் பெயரை அப்படியே நம்பி ஏற்றினால், யாரோ ஒருவர் ஏற்றக்கூடாத கோப்பையும் ஏற்ற வைத்துவிடுவார். அதனால் அனுமதித்த பெயர்களின் பட்டியல் ஒன்று கட்டாயம் வேணும். இன்னொன்று, தலையில் இம்போர்ட் செய்தால் பிழை தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பிறகு ஏற்றினால், கூப்பிடும் நேரத்தில்தான் தெரியும். அந்த நேரம் கொட்டும் மழையில் நடுராத்திரியாக இருக்கலாம். ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே எல்லா மொடியூலையும் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். அப்படியும் ஒன்று கெட்டுப்போனால், பிழையைப் பிடித்து அந்த ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவை ஓட வேண்டும். முகாம் பதிவு பழுதானதற்காகக் காணாமல் போனோர் பதிவும் நிற்கக்கூடாது.

இத்தனை கவனம் தேவைப்படுவதால்தான் இதை முறையாகப் படிக்கச் சொல்கிறோம். மையத்தில் இருப்பவர்கள் நம்மை நினைத்து எழுதும்வரை காத்திருப்பதைவிட, நாமே எழுதிச் சேர்க்க இடம் விடும் அமைப்பைக் கேட்டு வாங்குவது மேல். கல்குலேட்டர் செய்து முடித்த தம்பி தங்கச்சிமாரே, அடுத்த பயிற்சியாக இந்த முகவரி மொடியூலை எடுத்துக்கங்க. அதில் என்னென்ன கேட்க வேண்டும் என்று உங்க அம்மாவிடம் கேளுங்க, அவங்க சரியாச் சொல்லுவாங்க.