உறுதி கையில், காணி வேலிக்குள்

 

பலஸ்தீனக் கிராமமொன்றில் யூதக் குடியேற்றக்காரர் ஒலிவ மரங்களை வெட்டும் வீடியோவைப் பகிர்ந்திருந்தேன். அதன் கீழே என்னிடம் படித்த பிள்ளையின் தகப்பன் கேட்டிருந்தார்: "டீச்சர், மயிலிட்டியைப் பற்றி ஒரு நாளாவது எழுதினீங்களா?"

இல்லை, எழுதவில்லை. அவர் கேட்டது நியாயம்.

மேற்குக் கரையில் 1967 க்குப் பிறகு "பாதுகாப்புத் தேவை" என்று சொல்லி இராணுவம் தனியார் காணிகளை எடுத்தது. குடியேற்றம் அமைக்க அப்படி எடுத்தது பிழை என்று 1979 இல் எலோன் மோரே வழக்கில் இஸ்ரேலிய உயர் நீதிமன்றமே சொன்னது. பிறகு வழியை மாற்றினார்கள். 1858 ஆம் ஆண்டின் உதுமானியர் காணிச் சட்டத்தைத் தேடி எடுத்து, பயிர் செய்யாத நிலம் அரச நிலம் என்றார்கள். தோட்டத்துக்குப் போக விடாதவர்களும் அவர்கள்தான், ஏன் பயிர் செய்யவில்லை என்று கேட்பவர்களும் அவர்கள்தான்.

இது எங்களுக்குப் புதிதா? வலிகாமம் வடக்குச் சனம் 1990 இல் எழும்பினது. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்! மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் இருந்த சனத்தையா? ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் காணிகள் விடுபட்டன, ஆனால் எல்லாம் இல்லை. தையிட்டியில் உறுதி வைத்திருப்பவர்களின் காணியிலேயே விகாரை எழும்பி நிற்கிறது.

அங்கே குடியேற்றக்காரர், இங்கே பெரும்பாலும் முகாம் வேலி. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் உறுதி கையிலும் காணி வேலிக்குள்ளும் இருப்பவரின் வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேணும். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னது புலிகள் இயக்கம். என் உம்மாவும் வாப்பாவும் சோனகத்தெரு வீட்டைப் பூட்டி, திறப்பைக் கொண்டு புத்தளம் போனார்கள். அப்போது எங்களுக்காகப் பேசிய அயலவர் மிகக் குறைவு. அந்த மனக்குறையை வைத்துக்கொண்டு நான் மயிலிட்டிக்கு வாய் மூடியிருந்தேன். அது பிழை.

அநீதிக்கு ஆள் பார்த்து அழுதால் அது அரசியல், நீதி அல்ல. சோனகத்தெருவுக்கும் தையிட்டிக்கும் பலஸ்தீனத்துக்கும் ஒரே முழக்கோல்தான்.

வீட்டில் உறுதி இருந்தால் இந்தக் கிழமையே பிரதி எடுத்து வையுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேளுங்கள். எந்தக் காணி யாருடையது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த போயா நாளில் தையிட்டியில் சனம் கூடினால் நானும் வருவேன். நீங்களும் வாங்கோ.